ஆளில்லாதபோது எழுந்திருப்பது

பச்சைத் தட்டைப்பயறு உரிக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வருகிறது. நகத்தை வைத்து ஓரத்து நாரைக் கிழித்ததும் தோல் வாய் பிளக்கும், கட்டைவிரல் தள்ளத் தள்ளப் பயறு ஒவ்வொன்றாக முறத்தில் விழும். பூபதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான், கேட்கிறோம் என்றுகூடத் தெரியாமல். சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது. கண்ணுக்குப் பின்னால் மணலைக் கட்டி வைத்தமாதிரி ஒரு கனம். கீழே, தரையில் செய்தித்தாளை விரித்து, ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி, சாரதாமணியக்கா உட்கார்ந்திருந்தாள். நீட்டியிருந்தது வலது கால், நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் திறக்கப்போகிற கால். சாயங்காலம் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும், அதற்குத்தான் வந்திருக்கிறான். சாயங்காலந்தானே, இப்பவே எதுக்கு வந்தே என்று அவள் கேட்டதற்குச் சும்மாதாங்க்கா என்றான். சும்மாதான். சரவணம்பட்டியில் வண்டியை எடுத்தபோது கம்பெனிக்குப் போகத்தான் எடுத்தான், சிக்னலில் கை தானாக இந்தப் பக்கம் ஒடித்துவிட்டது. கம்பெனிக்குப் போனால் ஒவ்வொருவராக வந்து அக்காவுக்கு நாளைக்காமே சார் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிப்பு சிரிக்க இன்றைக்குத் தெம்பில்லை. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் வடிவமைத்த செயற்கை முட்டி இருக்கிறது, அதற்குக் கீழே விளக்கு வேறு போட்டிருக்கிறார்கள், நகைக்கடை மாதிரி. மேலே, தொடையெலும்பின் நுனியில் தொப்பியாட்டம் மாட்டுகிற பளபளப்பான உலோகம். கீழே, காலெலும்பின் தலையில் பதிக்கிற தட்டு. இரண்டுக்கும் நடுவில் தேங்காய்ப் பத்தை போல வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக். அக்காவின் அளவில் ஒன்று, உறைக்குள் உறை போட்டுக் கிருமி நீக்கி மூடி, ஆஸ்பத்திரி அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அந்த உறையை நினைத்துக்கொண்டே காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட்டான்.

“தூங்கறதுன்னா உள்ள போய்ப் படு,” என்றாள் அக்கா, நிமிராமலே. “சேர்லயே தலையாட்டிக்கிட்டு இருக்கறே, பூம்பூம் மாடாட்ட.”

“முழிச்சுட்டுத்தான் இருக்கறனுங்க்கா.”

“என்ன முழிப்போ. ஆப்பரேசன் எனக்கா, உனக்கா?”

அவன் சிரித்து வைத்தான். அவளுக்குப் பயமில்லை, அதுதான் அவனை அரித்தது. டாக்டர் வரதராசு படம் போட்டுக் காட்டி எலும்பை இங்கே இங்கே சீவுவோம் என்றபோதுகூட, அந்தக் கத்தியையும் என்ற தம்பிதான் செஞ்சானுங்களா என்று கேட்டவள். இன்னும் கடைக்கு வராத முட்டி அது, அனுமதி வாங்கிச் சோதனைக்காகச் சிலருக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிற கட்டம். செய்தவனின் அக்காவுக்கே போடுவதா என்று ஆஸ்பத்திரிக் கமிட்டியில் கேள்வி வந்தபோது அவளே ஆட்டோ பிடித்துப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள், வேற யாரு செஞ்சதப் போட்டுக்கச் சொல்றீங்க என்று. போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் நடக்கிறார்கள், மாடி ஏறுகிறார்கள், ஒருவர் பேரன் கல்யாணத்தில் ஆடினார். தரையில் உட்கார மட்டும் ஆறு மாதம் ஆகட்டும் என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார், யாருக்கும் இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. தரைதான் எல்லாம். மற்ற முட்டிகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே தரைதான். மற்றதைப் போட்டால் தரையை மறந்துவிட வேண்டும், நாற்காலி, கட்டில், மேஜை என்று ஒரு முழத்துக்கு மேலேயே மிச்ச ஆயுள். ஜெர்மனியில் அவன் வேலை பார்த்த சின்ன ஊரில் முட்டி மாற்றிக்கொண்டவர்கள் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டார்கள், காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டார்கள், நூற்றிருபது டிகிரி மடங்கினால் அவர்களுக்குத் தாராளம். ஊரில் ஒரு கல்யாணப் பந்தியின் படத்தை அவன் காட்டியபோது அங்கே அவனுக்கு மேலே இருந்தவர், நல்ல மனுஷன், பிரியமாகத்தான் கேட்டார், ஆபரேஷனுக்கப்புறம் அவர்கள் நாற்காலியில் உட்காரலாமே என்று. உட்காரலாம்தான். அதற்கு என்ன பதில் சொன்னான் என்று ஞாபகமில்லை, பதிலே சொல்லவில்லை போல, அந்தப் பதிலைச் சொல்லத்தான் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்தது, மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு வந்த ஆள் என்று. பதில் அக்காவிடம் இருந்தது. அவள் நாத்தனார் மரகதம் தவறிப்போனபோது கிடைத்தது. அன்னூருக்குப் பக்கத்தில் வீடு, வாசலில் பந்தல், உள்ளே பெண்கள் உடம்பைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து தலையோடு தலை சேர்த்து அழுகிறார்கள், முட்டிவலிக்காரி என்று அக்காவுக்கு மட்டும் நடையில் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். மரகதமும் அவளும் ஒரே அடுப்பில் பாதி ஆயுள் சமைத்தவர்கள். அன்றைக்குத் திரும்பி வரும்போது வண்டியில் அவள் அழவில்லை, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள், ‘நான் என்ன எலெக்சன் ஆபீசரா பூபதி, எழவூட்ல சேர் போட்டு உக்காந்து பாத்துட்டு வர்றதுக்கு.’ அப்புறம் இரண்டு டாக்டர்கள் சொல்லியும் சாதாரண முட்டி வேண்டாமென்று விட்டாள். என்ற தம்பி ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்கறான், அது வரட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு அவன் மேசைமேல் ஒரு ஆள் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு வளைவையும் வரையும்போது, ஒவ்வொரு சோதனையிலும். சீக்கிரம் சீக்கிரம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள்மேல் எரிச்சல்பட்டாவது கொஞ்சம் இளைப்பாறியிருப்பான்.

“சாரதாக்கோவ்,” என்று படியிலேயே குரல் கொடுத்துக்கொண்டு கீழ்வீட்டு பேபியம்மா வந்தாள், கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அவனைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “அடடே, தம்பி வந்திருக்கறீங்களா. வண்டி நிக்கறதப் பாத்துட்டுத்தான் நெனச்சேன். ஏனுங் தம்பி, அக்காளுக்கு மட்டுந்தானா, நம்மளுக்கும் ஒரு ஜோடி எடுத்து வெக்கறதுதானுங்க?”

“மொதல்ல எனக்குப் போட்டு ஓடுதான்னு பாரு, பொறவு நீ போட்டுக்கோ,” என்றாள் அக்கா.

“ஓடுதான்னா? உங்கக்கா சொல்றதக் கேட்டாத் தேவலைங் தம்பி. தரையில உக்காருவாளாமா, எந்திரிப்பாளாமா, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவாளாமா. இந்தத் தெருவுல ஒரு பொம்பளை பாக்கியில்ல, எல்லாத்துகிட்டயும் சொல்லியாச்சு.”

“நான் பழனின்னு சொல்லல. மருதமலைதான் சொன்னேன்.”

“அதுவும் மலைதான?”

அக்கா சிரித்துக்கொண்டே, இரு காப்பி வெக்கறேன் என்று எழுந்தாள். முறத்தை நகர்த்தி, நீட்டிய காலை இழுத்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து, சுவரில் விரல்நுனி படுகிறதோ இல்லையோ, முதுகு நேராக, சேலைக் கொசுவத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்து நின்றாள். உதடு மட்டும் உள்ளே மடிந்து வெளியே வந்தது. காப்பியெல்லாம் வேண்டாங்க்கா, அடுப்புல பால் இருக்குது என்று பேபியம்மா கறிவேப்பிலையைக் கொடுத்துவிட்டு, நல்லபடியா ஆவட்டுங்க என்று இவனைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனாள். அக்கா திரும்ப உட்கார்ந்தாள். உட்காருவதற்கு எழுவதைவிட நேரமானது.

எழுந்த விதம் அவனுக்குத் திருப்தியாக இருந்தது. இந்த மாதிரித்தான். கம்பெனி மாடி ஹாலில் பெண்களை உட்கார்ந்து எழவைத்துச் சுற்றிலும் காமிரா வைத்துப் பிடித்தார்களே, கம்ப்யூட்டரில் குச்சி மனிதர்களாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்களே, அதே மாதிரி, அச்சாக. அந்தக் குச்சி மனிதர்களின் அசைவைத்தான் முட்டியைத் தேய்த்துச் சோதிக்கிற இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இயந்திரம் தனி அறையில் இருக்கிறது, ராத்திரி பகல் இல்லாமல் முட்டியை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, லட்சக்கணக்கில், மாசக்கணக்கில். மனுஷ முட்டிக்குள் இருக்கிற வழவழப்புக்குப் பதிலாகக் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரை அதில் விட வேண்டும், உலகம் முழுக்க அப்படித்தான் வழக்கம். ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் போட்டமாதிரி அதற்கும் திருநீற்றுப்பட்டை போட்டுப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்று பூஜை செய்ய வந்தவரிடம் யாரும் சொல்லவில்லை, அவன் மட்டும் ஓரமாக நின்று, சொல்லிவிடுவோமோ, சொல்லக் கூடாதோ என்று தவித்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை. அந்த அறையின் வாடை சட்டையில் ஏறிக்கொள்ளும், சாப்பிடும்போது கையில் வரும். சில நாள் தூக்கத்தில் அந்த மோட்டார் சத்தம் கேட்டு விழித்து, ஃபேன்தான் என்று தெரிந்து, மறுபடி தூங்குவதற்கு முன்னால் ஒரு தடவை மனதுக்குள் எல்லாவற்றையும் சரிபார்ப்பான், பின்வளைவு சரி, நடுவில் நிற்கிற முளை சரி, திருகலுக்கு விட்ட இடம் சரி. கோணம், சுமை, திருகல் எல்லாம் அவனுக்கு இங்கிலீஷில்தான் ஓடும், தமிழில் படித்ததெல்லாம் பத்தாவதோடு சரி. நடுவில் ஏதாவது ஒன்று தட்டினால் மட்டும் மனம் சட்டென்று தமிழுக்கு மாறி, போச்சு என்று சொல்லும். நேற்று ராத்திரி எதுவும் தட்டவில்லை. எல்லாம் சரி என்று வந்த பிறகும் தூக்கம் வரவில்லை. ஃபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தான், ஏதோ செய்தி, படித்தது மண்டைக்குள் போகவில்லை. பயறு விழும் சத்தம் நின்றிருந்தது.

நிமிர்ந்தபோது எதிரே அணைந்து கிடந்த டீவியின் கண்ணாடி தெரிந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் சன்னலின் வெளிச்சம், அவனுடைய குனிந்த உருவம், அவனுக்குப் பின்னால் அக்கா. அவன் ஃபோன் பார்க்கிறான் என்று நினைத்து அவள் எழப்போகிறாள். வலது உள்ளங்கையைத் தரையில் விரித்து ஊன்றினாள். இடது காலை அப்படியே கிடக்க விட்டுவிட்டு, வலது பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தாள், முட்டி முழுக்க மடிந்திருக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கி, மொத்த உடம்பையும் அந்தக் கையின்மேலும் அந்த ஒரு முட்டியின்மேலும் போட்டு, செக்கு சுற்றுகிறமாதிரி இடுப்பைச் சுற்றி, சுவரைப் பார்த்துத் திரும்பி, அப்புறம் இன்னொரு கையைச் சுவரில் வைத்து ஏறினாள். ஒரு முனகல். அவ்வளவுதான், முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். டீவிக் கண்ணாடியில் காலித் தரையும் செய்தித்தாளும் மிஞ்சின. பூபதி அசையவில்லை. அது ஒன்றுமில்லை என்றது மனது, இங்கிலீஷில். முழு மடக்கு. சரி, அதைச் சோதித்திருக்கிறோம். திருகல், அதையும் சோதித்திருக்கிறோம். முழு உடம்பின் சுமை, அதையும்தான். மூன்றும் ஒன்றாக? ஒன்றாக யாருக்கும் வராது, குச்சி மனிதர்களில் ஒருவருக்கும் வரவில்லை, முழுக்க மடியும்போது சுமை குறைந்துவிடும், திருகும்போது முட்டி நிமிர்ந்திருக்கும், அதனால்தான் அந்தப் பின்விளிம்பை அவ்வளவு மெலிதாக விட முடிந்தது, அந்த மெலிசில்தான் கூடுதல் மடக்கே கிடைக்கிறது. மூன்றும் ஒன்றாக வந்தால் உலோகத்தின் ஓரம் வெள்ளை பிளாஸ்டிக்கின் பின்விளிம்பில் ஏறி உட்காரும். ஏறி, திரும்பும். சீவும். ஒருநாளில் இல்லை. தினம் பத்துத் தடவை இருபது தடவை, பிளாஸ்டிக் மாவு மாவாக உதிர்ந்து முட்டிக்குள் இறங்கும், அந்த மாவை உடம்பு பகையென்று நினைத்துச் சண்டை போடும், சண்டையில் சொந்த எலும்பே கரையும், தட்டு ஆடத் தொடங்கும், மறுபடி அறுக்க வேண்டும், இந்தத் தடவை சீவுவதற்கு எலும்பு பாக்கி இருக்காது. போச்சு, என்றது மனது.

இல்லை, பொறு. புது முட்டி வலிக்காதே. வலியால்தானே கை ஊன்றுகிறாள், வலி போனால் எதற்கு ஊன்றப்போகிறாள்? இதைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் மூச்சு விட்டான். ஆனால் இடது முட்டியும் தேய்ந்ததுதான், அதற்கு அடுத்த வருஷம் என்று பேச்சு, அதுவரை இடதைக் காப்பாற்ற எல்லாப் பாரமும் வலதில்தான் வரும். தொடையில் சதையும் இல்லை, பல வருஷம் வலியில் வற்றிப்போன தொடை. வலி போனாலும் உடம்பு கற்றுக்கொண்டது போகாது, ஜெர்மனியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான், வலியே இல்லாத காலை இழுத்து இழுத்து நடந்தவர்களை. சரி, அக்கா ஒருத்தி இப்படி, மற்றவர்கள் அப்படி இல்லையே, ஹாலில் அத்தனை பெண்கள், ஒருத்தர்கூட... அங்கேதான் நினைப்பு முள்ளில் மாட்டிய துணியாக நின்றது. அந்தப் பெண்கள். மகளிர் குழு மூலமாக வேன் வைத்துக் கூட்டிவந்தார்கள், எல்லாருக்கும் முட்டிவலி, எல்லாரும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், என்னமோ விசேஷத்துக்கு வருகிறமாதிரி. இட்லி பொங்கல் கொடுத்து, காலை ஒட்டிய கறுப்பு உடுப்பைப் போடச் சொல்லி, தொடையிலும் கணுக்காலிலும் மினுங்குகிற குட்டிப் பந்துகளை ஒட்டி. டாக்டர் டை கட்டி நின்றார், முதலாளி வந்து பார்த்துக்கொண்டிருந்தார், இவன் கையைக் கட்டிக்கொண்டு காமிராவுக்குப் பக்கத்தில். வீட்ல எப்படி உட்காருவீங்களோ அப்படியே உட்காருங்கம்மா, எழுந்திருங்கம்மா என்றான், அவ்வளவு தெளிவாகச் சொன்னான். அவர்களும் எழுந்தார்கள். நேராக. கை படாமல். ஒவ்வொருத்தியும் எழுந்ததும் இல்லாத சேலையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக்கொண்டாள், அதைப் பார்த்து அவனும் டாக்டரும் தங்களுக்குள் சிரித்தார்கள்கூட. சார் முன்னால் எந்தப் பொம்பளை கையூன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, முனகிக்கொண்டு எழுவாள்? தரையில் கையூன்றினால் இவனுக்கே சின்ன வயதில் புறங்கையில் அடி விழும், சாப்பிடும்போது இடது கையைக் கீழே வைத்தால் அக்காவே தட்டிவிடுவாள், ஊனாத, நேரா உக்காரு. அந்த வளர்ப்புத்தான் ஹாலில் வந்து உட்கார்ந்து எழுந்தது. வலியை மென்று விழுங்கிக்கொண்டு, சபைக்கு எழுகிற எழுச்சி. ஒரு அம்மா எழுந்து நின்று கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள், அவன் பார்த்தான், காமிராவில் அந்தப் பந்துகள் ரொம்பச் சுத்தமாக விழுந்திருந்தன, நல்லா வந்திருக்குதும்மா என்றான். அத்தனையும் மரியாதை. லட்சக்கணக்கான தடவை அந்த இயந்திரம் மரியாதையாக எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன்காரன் செய்யமாட்டான் இந்தத் தப்பை, அவனுக்குத் தரையே தெரியாது. தரை தெரிந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவன் செய்த தப்பு இது. கோபம்கூட வரவில்லை, கோபத்துக்கும் தெம்பு வேண்டும். நாற்காலியோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் தேவலை என்று இருந்தது. சொல்லாமல் இருந்தால் என்ன. நாளைக்குப் போட்டுவிடுவார்கள். நடப்பாள். மருதமலை ஏறுவாள். ஐந்து வருஷம் ஓடுமோ, எட்டு ஓடுமோ, கணக்குத் தப்பாகக்கூட இருக்கலாம், எலும்பு சிலபேருக்குத் தாங்கும். தரையில் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து அழுவாள். எட்டு வருஷம் குறைச்சலா? அந்த எட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான், அது நன்றாகத்தான் இருந்தது, வழவழவென்று. அவள் திரும்பி வந்து, அவன் பார்க்கிறானென்று சுவரைத் தொட்டும் தொடாமலும் நேராக உட்கார முயன்று, பாதியில் தொப்பென்று விழுந்தமாதிரி உட்கார்ந்தாள். முகத்தில் அந்த வலி வந்துவிட்டுப் போவதைப் பார்த்தான்.

“அக்கா.”

“ம்.”

“இப்ப எந்திரிச்சுப் போனீங்கல்ல. எப்பவும் அப்படித்தானா?”

“எப்படி?”

“கையூனி. திரும்பி.”

அவள் கை பயற்றுக்காயில் நின்றது. “பாத்துட்டயா. போன நோண்டறேன்னு நெனச்சேன்.” முகம் கொஞ்சம் சிவந்தமாதிரி இருந்தது. “பின்ன எப்படிடா எந்திரிக்கறது? ஆளு முன்னால ஒரு மாதிரி, ஆளில்லாதப்ப ஒரு மாதிரி. கீழ பேபி பொறவு எப்படி எந்திரிக்கறான்னு நெனச்சே? அவ தவழ்ந்துக்கிட்டுப் போய்க் கட்டல் காலப் புடிப்பா. அத வந்து உன்றகிட்டச் சொல்லுவாளா?”

சொல்லமாட்டாள். அவன் வாயைத் திறந்தான், முதலில் இங்கிலீஷ்தான் வந்து நின்றது, அதை விழுங்கினான். “நாளைக்கு என்ற முட்டி வேண்டாங்க்கா. எல்லாத்துக்கும் போடறாங்கல்ல, அதையே போடச் சொல்றேன்.”

அவள் காயை உரித்தாள். பயறு விழுந்தது. இன்னொன்றை உரித்தாள்.

“ஏன்?”

“நீங்க இப்படி எந்திரிச்சா அது தாங்காது. சீக்கிரம் தேஞ்சுரும். இப்படி எந்திரிப்பீங்கன்னு நான் பாக்கவே இல்ல.”

“அவ்வளவுதான? இனிமே நேரா எந்திரிக்கறேன். இத்தனை வருசம் பல்லக் கடிச்சவளுக்கு இதென்ன. இப்படி எந்திரி, அப்படி எந்திரின்னு நீ சொல்லிக் குடு, கேட்டுக்கறேன்.”

அது நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு, ஒரு கணம் முழுசாக அதில் சாய்ந்தான். முட்டியை அவளுக்குத் தகுந்தமாதிரி மாற்றுவதற்குப் பதிலாக அவளை முட்டிக்குத் தகுந்தமாதிரி. சாய்ந்த இடம் சில்லென்று இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“யாருமில்லாதப்பவும் அப்படியே எந்திரிப்பீங்களா?”

சன்னலுக்கு வெளியே குக்கர் விசில் எந்த வீட்டிலோ கத்தி அடங்கியது. “யாருமில்லாதப்ப ஆவாது கண்ணு,” என்றாள். “பொய் சொல்லி என்ன.”

“அதானுங்க்கா.”

“தெரு பூராச் சொல்லி வச்சுட்டனே.”

“தம்பி செஞ்சது அளவு சேரலன்னு சொல்லிக்கங்க.”

“அளவு சேராம இருக்க அதென்ன ஜாக்கெட்டா?” என்றாள். குரலில் சிரிப்பில்லை. “மறுக்கா செய்வயா?”

செய்வேன் என்று சொல்வது ரொம்பச் சுலபம், நாக்கின் நுனியில் இருந்தது. முதலிலிருந்து, அந்தப் பின்விளிம்பிலிருந்து, மறுபடி வேன் வைத்து, யாருமே பார்க்காத ஒரு ஹாலில், மறுபடி அந்தக் கன்றுக்குட்டி வாடை. முதலாளி கேட்பாரா, கேட்டாலும் இவனிடம் அந்த வருஷங்கள் பாக்கி இருக்கின்றனவா. “தெரியலீங்க்கா,” என்றான்.

“நான் இன்னும் ரெண்டு வருசம் இதோடயே தள்ளுனா?”

“வேண்டாங்க்கா. நாளைக்கே போட்டுக்கங்க. எனக்காவ நீங்க காத்திருக்க வேண்டாம்.”

“அப்பத் தரை இல்ல.”

“இல்லீங்க்கா.”

அவள் முறத்துக்குள் பயற்றைக் கையால் பரப்பி ஒரு சொத்தையை எடுத்து வெளியே போட்டாள். அவன் டாக்டர் வரதராசுவைக் கூப்பிட்டான். அவள் முன்னாலேயே, எழுந்து போகாமல். அந்தப் பக்கம் முதலில் சிரித்தார், அப்புறம் என்ன சார் விளையாடறீங்களா என்றார். விவரத்தைச் சொன்னான், மடக்கும் சுமையும் திருகலும் ஒன்றாக வருகிறது என்று. யாருக்கு வருகிறது என்றார் டாக்டர். “எல்லாருக்கும், டாக்டர். நம்ம முன்னால மட்டும் வராது.” அப்புறம், ஏற்கெனவே போட்டுக்கிட்டவங்க யாரும் இப்போதைக்குத் தரையில் உட்கார வேண்டாம்னு சொல்லிருங்க, இன்னைக்கே சொல்லிருங்க, என்றான். பேரன் கல்யாணத்தில் ஆடின பெரியவரின் முகம் வந்தது, கூடவே முதலாளியின் முகம். ஃபோனை வைத்ததும் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தான், ஆகவில்லை, கனம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறினமாதிரி இருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நாற்காலியின் கைப்பிடியில் ஃபோன் அதிரத் தொடங்கியது. கம்பெனி.

“எடு,” என்றாள் அக்கா.

“எடுக்கறேன்.”

“சோத்துக்கு நேரமாச்சு,” என்று முறத்தைத் தள்ளி வைத்தாள். எழுவதற்காக உடம்பைத் திருப்பினாள். வலது கை தரையை நோக்கிப் போனது, பாதி வழியில் நின்றது. ஆள் முன்னால் எழுகிற எழுச்சிக்கும் அவள் போகவில்லை. அந்தக் கையை அப்படியே அவன் பக்கமாக நீட்டினாள், அவனைப் பார்க்காமல்.

“புடி.”

ஒருத்தர் கையைப் பிடித்து அவள் எழுந்து அவன் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்காரர், மாமா, உயிரோடு இருந்த காலத்தில்கூட. எழுந்து போய்ப் பிடித்தான், மணிக்கட்டில், பயற்றுத்தோலின் ஈரம் வழுக்கியது. இழுத்தான். இத்தனை வருஷம் எண்ணாக மட்டும் எழுதி எழுதிப் பார்த்த பாரம் தோளில் வந்து இறங்கியபோது தடுமாறிவிட்டான், முன்னால் சரிந்து, முட்டியை மடக்கித் தாங்க வேண்டியதாயிற்று. அவன் முட்டிக்குள் சடக்கென்று ஒன்று சொடுக்கியது. அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். பாதி எழுந்த நிலையில் அவன் காலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“உன்றதும் பேச ஆரம்பிச்சிருச்சா,” என்றாள்.

முழுக்க எழுந்து நின்றாள். ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவன் அதை எடுப்பதற்காகக் கையைத் தளர்த்தினான். அவள் விரல்கள் இறுகின.

“இரு,” என்றாள். “உடனே விட்றாத.”